இரட்டைக் காதுப் படங்கள்

கடை என் பெயரில் இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் அவர்கள் வாயில் முதலில் வருவது இந்தக் கேள்விதான்: "உம்மட பேரில எழுத்தில ஏதும் இருக்கோ?" இல்லை. ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் இருந்தவர்களுக்கு இது புரியும். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. அந்த அட்டையை நீட்டினால் கடைச் சொந்தக்காரர் யோசிப்பார், டெலிபோன் கொடுப்பவன் யோசிப்பான், பொலிஸ்காரன் யோசிக்கவே மாட்டான், ட்ரக்கைக் காட்டி "ஏறு" என்பான். அதனால் எங்கள் ஆட்கள் எல்லோரும் கொழும்பு முகவரி உள்ள ஒருவரைப் பிடித்து வைத்திருந்தோம். வீடு ஒருவர் பெயரில், டெலிபோன் இன்னொருவர் பெயரில். என் சித்தப்பா யாரோ ஒருவரின் பெயரில் வந்த மின்சாரப் பில்லைப் பத்து வருடம் கட்டினார். அந்தப் பெயருக்குரிய மனிதரை அவர் இரண்டே தரம்தான் கண்டிருக்கிறார். இதை யாரும் பிழையாக நினைக்கவில்லை. குடை இல்லாதவன் பக்கத்தில் வருபவனின் குடைக்குள் ஒதுங்குவது மாதிரி, அவ்வளவுதான்.

என் குடை கொழும்புக் கொச்சிக்கடையில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பம்பலப்பிட்டியில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் பக்கத்துக் கதிரையில் இருந்தான். நான் வாய் திறக்காத ஆள், அவன் வாய் மூடாத ஆள், ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டோம். அவனிடம் ஒரு நல்ல கமரா இருந்தது. என்னிடம் சுவிஸில் இருந்த அக்கா வாங்கிக் கொடுத்த ஆறு நிற பிரிண்டர் இருந்தது. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் சின்ன அறை பிடித்தோம். பாஸ்போர்ட் படம், விசாப் படம், கல்யாணப் பேச்சுக்கு அனுப்பும் படம். வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில், வியாபாரப் பதிவு அவன் பெயரில், கடை வாசல் போர்ட்டில் இருந்ததும் அவனுடைய பெயர்தான்.

"பாதி ஒன்னோடது மச்சான். இத நான் வேற சொல்லணுமா?" என்றான் போர்ட் மாட்டிய அன்று.

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவன் அதைச் சொன்னபோது அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். படம் எடுப்பதுதான் வேலை என்று சனம் நினைக்கும். எடுத்த படத்தைத் தாளில் ஒழுங்காக இறக்குவதுதான் வேலை. பிரிண்டரின் ஹெட் இடமிருந்து வலம் போகும்போதும் மை தெளிக்கும், திரும்பி வரும்போதும் தெளிக்கும். போகும்போது போட்ட கோட்டின் மேலேயே திரும்பும்போது போடும் கோடும் விழவேண்டும். தாள் கொஞ்சம் தடித்தால் ஹெட்டுக்கும் தாளுக்கும் இடையிலுள்ள வெளி குறைகிறது, மை முந்திக்கொண்டு விழுகிறது, இரண்டு கோடும் விலகிவிடுகிறது. கண்ணால் பார்த்தால் படம் ஏதோ மங்கலாக இருக்கிறது என்றுதான் தோன்றும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மயிருக்கும் பக்கத்தில் இன்னொரு மயிர் நிற்கும்.

அதனால் தாள் மாறும் ஒவ்வொரு தடவையும் அலைன்மென்ட் பார்க்கவேண்டும். பிரிண்டர் ஒரு சோதனைத் தாள் அடித்துத் தரும். அதில் மூன்று வரிசையில் சின்னச் சின்னக் கோட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் இலக்கம். எந்தக் கட்டத்தில் கோடு உடையாமல் நேரே நிற்கிறதோ அந்த இலக்கத்தைக் கொம்பியூட்டருக்குச் சொல்லவேண்டும். மூன்று வரிசை, மூன்று இலக்கம். கேட்டால் சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். புறக்கோட்டையில் விற்கும் கிளிப் படம் போட்ட குளோஸி பக்கற்றை வாங்கிப் பார்த்தால் தெரியும். அதே கிளி, அதே பச்சைப் பக்கற், உள்ளே தாள் மட்டும் மாதத்துக்கு ஒரு தடிப்பு. சில தூதரகங்கள் மினுக்கம் இல்லாத மட் தாளில் கேட்கும். கல்யாண வீட்டுக்காரர் பட்டுப் போலச் சொரசொரப்புள்ள தாளில் கேட்பார்கள். போதாததற்குக் கடற்காற்று. காலையில் பெட்டியிலிருந்து எடுத்த தாள் மத்தியானத்துக்குள் அப்பளம் மாதிரி விளிம்பு தூக்கும், ஹெட் போய் அதில் உரசும்.

இவ்வளவும் எல்லாப் பிரிண்டருக்கும் உள்ளதுதான். எங்களுடையதற்கு ஒரு பிறவிக் குணம் வேறு இருந்தது. ஹெட்டை இழுக்கும் பட்டி எங்கோ தளர்ந்திருக்கவேண்டும். தாளின் இடப்பக்கம் கோடு நேராக நின்றாலும் வலக்கரைக்குப் போகப்போக விலகும். ஒரு தாளில் எட்டு பாஸ்போர்ட் படம் வைத்தால், வலக்கரையில் உள்ள இரண்டு படத்திலும் காதுக்குப் பக்கத்தில் நீலமாக இன்னொரு காது நிழலாடும். நான் ஒரு மாதம் மண்டையைப் போட்டு உடைத்து வழி கண்டுபிடித்தேன். கடைசி வரிசையில் நேராகத் தெரியும் இலக்கத்தில் ஒன்று குறைத்துக் கொடுக்கவேண்டும், படங்களை ஒரு விரற்கடை இடப்பக்கம் தள்ளவேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

அந்த வழி பிடிபடும் முன்னர் ஒரு தாய் தன் பிள்ளையின் படத்தைக் கொண்டுவந்து சண்டைக்கு நின்றாள். நான் பிரிண்டரை மறைத்துக் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் வியர்த்துப் போனேன். அவன் படத்தை வாங்கி, பிள்ளையின் காதைப் பிடித்துப் பார்த்து, "ரெட்டக் காதுன்னா அதிர்ஷ்டம் அக்கா, டீச்சர் சொல்றது ரெண்டு மடங்கு கேக்கும்" என்றான். அவள் சிரித்துவிட்டாள். வேறு படம் அடித்துக் கொடுத்தோம். அவனுக்கு அந்த வித்தை இருந்தது. தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே மூச்சில் கதைத்து, அழுகிற குழந்தையையும் முறைக்கிற மாமியாரையும் நாடியை இறக்கி நேரே பார்க்க வைப்பான்.

பொலிஸ் சோதனைக்கு வந்தாலும் அவன்தான் முன்னுக்கு நிற்பான். "நீ உள்ளுக்கே இரு மச்சான், நான் பாத்துக்கறேன்." நான் கறுப்புத் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். அதைப் பெரிய உதவி என்று நினைத்தேன். உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருடம் அப்படியே போனதில், அந்தக் கடையில் பாதி என்னுடையது என்று தெரிந்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான் என்றாகிவிட்டது.

பிறகு ஊரில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஒரு கிழமையில் திரும்பிவிடுவேன் என்று சொல்லி பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்து ஐந்தாம் நாள் சண்டை மூண்டது, கொழும்புக்குப் போகும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அங்கே இருந்தவர்கள் அங்கே, இங்கே இருந்தவர்கள் இங்கே. ஏழு மாதம் நான் அங்கே மாட்டிக்கொண்டேன்.

டெலிபோன் சில நாள் வேலை செய்யும், பல நாள் செய்யாது. வேலை செய்யும் நாளில் சந்தியிலிருந்த கொமினிகேஷன் கடையில் வரிசையில் நின்று அவனுக்கு அடிப்பேன். முதல் இரண்டு மாதமும் அவன் என் குரலைக் கேட்டதும் கடவுளைக் கண்ட மாதிரிச் சத்தம் போடுவான்.

"மச்சான், புது பக்கட் வந்திருக்கு, கோடெல்லாம் ஒடையுது. என்னா நம்பர் குடுக்கறது?"

"தாளை விரலால தடவிப் பார். வழுக்குதோ, பிடிக்குதோ?"

"வழுக்குது."

"அப்ப முதல் வரிசையில ஆறு. ரெண்டாவதில நாலு. மூண்டாவதில ஏழு நேராத் தெரியும், நீ ஆறு குடு. விளங்கிச்சோ? ஆறு, நாலு, ஆறு."

வைத்துவிட்டுத் திரும்பினால் கடைக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பி, உந்த இலக்கமெல்லாம் என்ர கடையில நிண்டு கதைக்காதையும். ஆராவது ஒட்டுக்கேட்டுக்கொண்டு இருந்தால் நீரும் முடிஞ்சீர், நானும் முடிஞ்சன்."

"அண்ணை, அது படம் அடிக்கிற மெஷினுக்கு."

"ஐயோ, மெஷின் எண்டும் சொல்லாதையும்!"

அதன் பிறகு நாங்கள் இலக்கங்களை மாம்பழ எண்ணிக்கையாகப் பேசிக்கொண்டோம். ஆறு விலாட்டு, நாலு கறுத்தக்கொழும்பான், ஆறு அம்பலவி. அவன் கொச்சிக்கடைக்காரன், மாம்பழப் பெயர்களைக் குழப்பி அடிப்பான். ஊரெல்லாம் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. நான் டெலிபோனில் மாம்பழம் விற்றுச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவன் அங்கே என் பாதியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துத்தான் எனக்கு அந்தச் சிரிப்பு வந்தது.

மூன்றாம் மாதம் குரல் மாறிவிட்டது.

"மழ மச்சான். கூர ஒழுகி மெஷினுக்குள்ள தண்ணி போயிருச்சி. ஹெட் எரிஞ்சி போச்சி. கடக்காரனும் லீஸ் நீட்ட மாட்டேங்கறான். எல்லாம் முடிஞ்சிது."

நான் அந்த வரிசையில் நின்றபடியே அழுதேன். பின்னால் நின்ற கிழவர் செத்த வீட்டுச் செய்தி என்று நினைத்து என் தோளைத் தட்டினார். அழுதுகொண்டே நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன், கேளுங்கள், நான் அவனுக்கு. "நீ யோசிக்காதை. உன்ர பிழை இல்லை. நான் வந்து திரும்பத் தொடங்குவம்." அதற்குப் பிறகு அவன் இலக்கம் கேட்கவில்லை. என் அழைப்பையும் அநேகமாக எடுக்கவில்லை.

ஆமியிடம் கிளியரன்ஸ் எடுத்து, கப்பலில் திருகோணமலை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு வந்து சேர்ந்தேன். பொலிஸில் புதிதாகப் பதிந்துகொண்டு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தேன். அவன் வந்தான். சந்தைக்கு முன்னால் ஒரு கடையில் எனக்கு றோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கித் தந்தான். என்னுடைய இரண்டு சேட்டுகளையும் பூதக்கண்ணாடியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். மழை பெய்த கதையை முழுதாகச் சொன்னான், எந்த மூலையில் ஒழுகியது, எப்படி வாளி வைத்தான், பழைய சாமான்காரன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனபோது எப்படி நெஞ்சு வலித்தது என்று. கண்கூடக் கலங்கினான். நானும் சேர்ந்து கலங்கினேன். இன்றைக்கு நினைத்தால் தொண்டைக்குள் விரலை விட்டு அந்த றோல்ஸை வெளியே எடுத்துவிடலாம்போல இருக்கிறது.

எங்கள் பழைய அறையைப் போய்ப் பார்த்தேன். யாரோ சாறிக்கு மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுக்கும் கடை போட்டிருந்தார்கள். கூரையை அண்ணாந்து பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. அவன் சொன்னால் எனக்கு அது போதும், அப்படி ஒரு முட்டாள் நான். ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

லொட்ஜில் பக்கத்து அறையில் ஒரு பெண் இருந்தார். பிரான்ஸில் இருக்கும் கணவனிடம் போக விசாவுக்குக் காத்திருந்தவர். ஒரு நாள் பின்னேரம் கதவைத் தட்டினார்.

"தம்பி, உங்களுக்குப் படங்களைப் பற்றித் தெரியும் எண்டு சொன்னவை. இதை ஒருக்காப் பாருங்கோ. படம் தெளிவில்லை எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம். எனக்கு என்ன பிழை எண்டு விளங்கேல்லை."

கையில் வாங்கினேன். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. கிளிப் பக்கற் குளோஸி. அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் நீலமாக இன்னொரு காது. மிச்சப் படங்களைக் கேட்டேன். ஒரே தாளில் வெட்டாமல் ஆறு இருந்தது. இடப்பக்கத்தில் உள்ளவை சுத்தம், வலக்கரைப் பக்கம் போகப்போக விலகல். தாய்க்குத் தன் பிள்ளையின் கையெழுத்துத் தெரியும் அல்லவா, அப்படித் தெரிந்தது எனக்கு. எரிந்துபோனதென்று நான் அழுத ஹெட்தான் இதை அடித்திருக்கிறது.

"எங்கை எடுத்தனீங்கள்?"

"ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்கு நேர்த்தி வைக்கப் போனனான். வாற வழியில கொட்டாஞ்சேனையில ஒரு புதுக் கடை. நல்ல பம்பலாக் கதைக்கிற ஆள். காது ரெண்டாத் தெரியுதே எண்டு நான் அப்பவே கேட்டனான். ரெண்டு மடங்கு கேக்கும் அக்கா எண்டு சொல்லிச் சிரிக்கிறார்."

அவர் அதைச் சொல்லிச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு வேண்டியது மெஷின் இல்லை. அக்காவிடம் இன்னொன்று கேட்டால் வாங்கிக் கொடுத்திருப்பாள். எனக்கு ஒரே ஒரு விஷயம் வேண்டும். அந்தக் கடையில் பாதி என்னுடையது என்று அவன் வாயால், இன்னொரு மனிதனுக்கு முன்னால், ஒரு தடவை சொல்லவேண்டும். எழுத்தில் இல்லாதவனுக்கு வாய்ச்சொல்தான் உறுதி. அந்த வாய்ச்சொல்லும் இல்லையென்றால் என் மூன்று வருடம் நடக்கவே இல்லை என்றாகிவிடும்.

மூன்றாம் நாள் பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கடையைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. அதே போர்ட்டைக் கழுவி மாட்டியிருந்தான். முன் மேசையில் அவன் மனைவி இருந்தாள். கல்யாணத்துக்கு முன்னர் ஒரு தரம் எங்கள் கடைக்கு வந்திருக்கிறாள். அன்றைக்குப் படத்தில் அவள் கன்னத்து மறுவை அழிக்காமல் நிறத்தை மட்டும் சரிசெய்து அடித்துக் கொடுத்தவன் நான்தான்.

"வாங்க அண்ணா" என்று எழுந்தாள். "நீங்க வெள்ளவத்த கடையில சம்பளத்துக்கு நின்ன யாப்பாணத்து அண்ணாதானே? அவர் அடிக்கடி சொல்வார், ரொம்ப நம்பிக்கையான வேலக்காரப் பொடியன்னு."

அவளில் கோபிக்க ஒன்றுமில்லை. அவளுக்குச் சொல்லப்பட்டது அது. ஆனால் அடிமடியிலேயே கை வைத்துவிட்டான் என்று அந்த இடத்தில்தான் எனக்கு உண்மையாக உறைத்தது. மெஷினை எடுத்தது ஒரு பக்கம். தன் வீட்டுக்குள்ளேயே என்னை எப்போதோ கூலிக்காரனாக்கி வைத்திருக்கிறான். அது பாதை பூட்டுவதற்கு எவ்வளவோ முன்னரே நடந்திருக்கவேண்டும்.

அவன் உள்ளேயிருந்து வந்தான். என்னைக் கண்டதும் திரும்பி மெஷினைத்தான் பார்த்தான். மேசையில் இருந்தது. தண்ணீரும் இல்லை, துருவும் இல்லை. மூடியில் நான் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

"தேத்தண்ணி போடு" என்று மனைவியை உள்ளே அனுப்பினான்.

"மழை விட்டிட்டுது போல" என்றேன்.

"மச்சான், சத்தம் போடாத. கேளு. நீ போயி ரெண்டாம் கெழம பொலிஸ் வந்திச்சி. இங்க ஒரு யாப்பாணத்து ஆள் இருந்தானே, எங்கன்னு. யாரோ சொல்லிட்டான். நான் என்னா சொல்வேன்? அப்படி யாரும் இல்ல, கட என்னோடது மட்டுந்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்னக் காப்பாத்தவுந்தான்."

"சரி. அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவன் உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"அதுக்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேலா என்னட்டை இலக்கம் கேட்டனீ. நான் அங்கை மாம்பழக் கதை கதைச்சு உனக்கு வேலை செய்து தந்தனான். எல்லாத்தையும் வாங்கிக்கொண்டுதானே மழை பெய்விச்சனீ?"

"ஏழு மாசம் மச்சான். நீ வருவியா மாட்டியான்னே தெரியாது. நான் என்னா செய்ய? கையெழுத்துப் போட்டாச்சி. போட்டதுக்கப்புறம் அதுதானே உண்ம?"

இதை அவன் வெட்கத்தோடு சொல்லியிருந்தால் நான் பாதி மன்னித்திருப்பேன். கணக்குப் பாடத்தில் விடை சொல்வது மாதிரிச் சொன்னான்.

"எனக்கு மெஷின் வேண்டாம்" என்றேன். "கடையும் வேண்டாம். உன்ர மனிசி தேத்தண்ணி கொண்டுவருவா. அவவுக்கு முன்னால ஒருக்காச் சொல்லு, பாதி இவன்ரை எண்டு. நான் குடிச்சிட்டுப் போறன்."

அவள் வந்தாள். தேத்தண்ணி தந்தாள். அவன் மெஷினின் மூடியைத் திறந்து, உள்ளே எதையோ தேடுகிறவன் மாதிரிக் குனிந்துகொண்டான். நான் காத்திருந்தேன். குடித்து முடிக்கும் வரை அவன் நிமிரவில்லை. கோப்பையைத் தூக்கி அந்தக் குனிந்த தலையில் போடலாம் என்றுதான் கை துடித்தது. நன்றி சொல்லி அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

இருபது அடி நடந்திருக்கமாட்டேன். சந்தியில் பொலிஸ் நின்று போகிற வருகிறவர்களை மறித்துக்கொண்டிருந்தது. அடையாள அட்டையைக் கொடுத்தேன், பதிவுத் துண்டைக் கொடுத்தேன். அட்டையில் யாழ்ப்பாணம், துண்டில் வெள்ளவத்தை, ஆள் நிற்பது கொட்டாஞ்சேனையில். பக்கத்தில் ஒரு ட்ரக், அதில் ஏற்கெனவே நான்கைந்து பேர்.

"மெஹே மொகடத ஆவே?" இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டார் மூத்தவர். என் அரைகுறைச் சிங்களம் அந்த நேரத்தில் முழுதாகக் கைவிட்டது. கடையை நோக்கிக் கையைக் காட்டினேன். அவர் அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, என்னை முன்னே நடக்கவிட்டுக் கடை வாசலுக்குக் கூட்டிவந்தார்.

அவன் வெளியே வந்தான். விரலில் மை இருந்தது. மனைவி பின்னால் நின்றாள். ஆளைத் தெரியுமா என்று அவர் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அந்த ஒரு கணம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஆசை வந்தது. இப்போது சொல்லுவான். இன்னொரு மனிதனுக்கு முன்னால் சொல்லவேண்டிய இடம் இதுதான்.

"தன்னவா சேர். அபே கஸ்டமர் கெனெக். ஃபொட்டோ எகக் கன்ன ஆவே."

தெரியும் சேர், எங்கள் வாடிக்கையாளர், படம் எடுக்க வந்தவர். அவன் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

"கோ ஃபொட்டோ எக?" எங்கே படம் என்றார் அவர்.

இன்னும் எடுக்கவில்லை, இப்போதுதான் எடுக்கப் போகிறேன் என்றான். அவர் என் பக்கம் திரும்பினார். "ஹரித?" சரிதானா என்றார்.

இல்லை, நான் இந்தக் கடையில் பங்காளி என்று சொல்லலாம். சொன்னால் அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது பொய்யாகிவிடும். அவன் கொழும்பு முகவரிக்காரன், எப்படியோ கதைத்துத் தப்பிவிடுவான். கொட்டாஞ்சேனையில் எனக்கு என்ன வேலை என்பதற்கு என்னிடம் வேறு பதில் இல்லை. ட்ரக் சந்தியில் நின்றது.

"ஹரி சேர்" என்றேன்.

அவர் போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். அதனால் நான் உள்ளே போய், பழைய கடையிலிருந்து வந்த அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். மூன்று வருடம் அந்த ஸ்டூலில் ஆயிரம் பேர் இருந்ததைத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன், நான் இருந்ததில்லை. அவன் விளக்கைப் போட்டான். கமராவுக்குப் பின்னாலிருந்து சொன்னான்.

"நாடியக் கொஞ்சம் எறக்குங்க. நேரா பாருங்க."

எறக்குங்க, பாருங்க. என்னை ஒரு நாளும் அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. திட்டியபோதுகூட 'டா' போட்டுத்தான் திட்டியிருக்கிறான். நான் நாடியை இறக்கினேன்.

தாளை எடுத்து வைத்தான். எடுத்த விதத்திலேயே அது புதுப் பக்கற், தடித்த தாள் என்று தெரிந்தது. சோதனைத் தாள் அடிக்கவில்லை, இலக்கம் மாற்றவில்லை, நேரே அடிக்கக் கொடுத்தான். ஹெட் வலக்கரைக்குப் போய்த் திரும்பும் இடத்தில் எழும் அந்தச் சின்னக் கரகரப்பு கேட்டது. என் கை தொடையிலிருந்து எழுந்துவிட்டது. கதவு நிலையிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் மெஷினைத் தொடுவதில்லை. கையைத் திரும்பத் தொடையில் வைத்துக்கொண்டு, பிழையாகப் போகிறது என்று தெரிந்த படம் வரிவரியாக வெளியே வருவதைப் பார்த்தபடி இருந்தேன்.

வெட்டினான். படங்களை அவரிடம் காட்டினான். அவர் படத்தையும் என்னையும் பார்த்து, அட்டையைத் திருப்பித் தந்தார், ஆனாலும் வாசலை விட்டு நகரவில்லை. அவன் மேசை லாச்சியிலிருந்து ஒரு பட உறையை எடுத்தான். பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினான். தலை நிமிராமல் கேட்டான்.

"உங்க பேர் என்ன?"

சொன்னேன்.